காலில்லா அரணைத் தேடல் கழகம்

மகளின் நிச்சயதார்த்தத்தன்று வலியசாலை அக்ரகாரத்தில் சாம்பசிவன் வீட்டுக்கு முதலில் வந்து சேர்ந்த விருந்தாளிக்குக் கால்கள் இல்லை. பாலோடு என்ற ஊருக்குப் பக்கத்து மலைத் தோட்டத்திலிருந்து சொரிமுத்து தன் பிக்கப் வண்டியில் கொண்டுவந்து இறக்கிய இடிச்சக்கைச் சாக்கில், பலாப்பிஞ்சுகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்கத் திணித்திருந்த ஈரச் சருகுக்குள் அது சுருண்டு கிடந்தது. ஒரு முழம் நீளம். சுண்டுவிரல் தடிமன். புளி போட்டுத் தேய்த்த வெண்கலத்தின் நிறம்.

சாம்பசிவனின் மனைவி பத்மஜா சாக்கை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து, அடித்தொண்டையில் மூன்று கட்டளைகள் பிறப்பித்தாள். நல்ல நாளில் நாகம் வந்திருக்கிறது, அடிக்கக் கூடாது. வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. முக்கியமாக, தஞ்சாவூரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருக்கும் பிள்ளை வீட்டாரின் காதில் இது விழவே கூடாது.

சாம்பசிவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அது அவரைப் பார்த்தது. பிறகு கண்ணை மூடித் திறந்தது.

பாம்புக்கு இமை கிடையாது. இதை அவர் எங்கோ படித்திருந்தார். அவர் நிறையப் படித்திருந்தார், அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பூஜப்புரையைத் தாண்டியதும் மேட்டில் தெரியும் ஒரு பிரம்மாண்டமான சிமெண்டுச் சிலையும் அவருக்கு நினைவு வந்தது. கால் இல்லாத, ஒரு கண்ணை மட்டும் மூடிய ஒரு பிராணி. அதன் கீழே பலகை: காலில்லா அரணைத் தேடல் மற்றும் பரிபாலனக் கழகம். கண்டால் தெரிவியுங்கள்.

அரசாங்கம் அதுவரை கேட்ட எல்லாவற்றையும் சாம்பசிவன் கொடுத்து வந்திருக்கிறார். இது ஒன்றுதான் அவரிடம் இல்லாமல் இருந்தது.

"ஆட்டோல போய்க் குடுத்துட்டு அரைமணில வந்துடறேன்," என்றார்.

பத்மஜா அவரைப் பார்த்தாள். அவள் கண்ணில் பட்ட முதல் பாத்திரம் காலி முறுக்கு டின். அதை நீட்டிவிட்டு, "வேகம் வாங்கோ. ராகுகாலத்துக்கு முன்னாடி தட்டு மாத்தணும்," என்றாள்.

வாசலில் மகள் பத்மப்ரியா வழி மறித்தாள். அவளுக்கு இந்த நிச்சயதார்த்தத்தில் ஒரே ஒரு நிபந்தனை இருந்தது, அதை ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் எந்த விசேஷத்திலும் சாம்பசிவனின் அண்ணா முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார். சாம்பசிவன் தூணுக்குப் பின்னால் நகர்ந்துவிடுவார். அவருடைய கல்யாண ஆல்பத்திலேயே பாதிப் படங்களில் மாப்பிள்ளையைத் தேட வேண்டியிருந்தது.

"அப்பா, தட்டு உங்க கையாலதான் குடுக்கணும். பெரியப்பா குடுத்தா நான் எழுந்து உள்ள போயிடுவேன், கேட்டேளா?"

"அரைமணிதான்," என்றார் சாம்பசிவன்.

பூஜப்புரை என்றதும், அங்குள்ள ஜெயிலுக்கா என்று ஆட்டோக்காரர் இயல்பாகக் கேட்டார். அதற்கு அடுத்த மேடு என்று சாம்பசிவன் விளக்கினார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவரை இரக்கத்தோடு பார்த்துவிட்டு மேலே எதுவும் கேட்கவில்லை.

கழகத்தின் வாசலில் விஜய்குமார் என்ற காவல்காரர் இருந்தார். களியக்காவிளைக்காரர், தமிழும் மலையாளமும் அவருக்கு ஒரே வாயில் கலந்து வந்தன.

"டின்னுல என்ன அண்ணாச்சி?"

முறுக்கு என்று சொல்லியிருந்தால் யாருக்கும் எந்தத் துன்பமும் இல்லை. சாம்பசிவன் உண்மையைச் சொன்னார்.

விஜய்குமார் வியக்கவில்லை. சுவரில் தொங்கிய விதிப்பலகையின் முன்னால் அவரை நிறுத்தி வாசித்துக் காட்டினார். உயிரினம் வாசல் வழியே தாராளமாக உள்ளே வரலாம். வெளியே போக டைரக்டரின் உத்தரவு வேண்டும், கடத்தலைத் தடுக்க. உயிரினத்தைக் கொண்டுவந்தவரே, கழகம் அதைப் பெற்றுக்கொள்ளும்வரை அதன் காவலர். காவலர் அதை விட்டுவிட்டுப் போனால் அரிய உயிரைக் கைவிட்ட குற்றம்.

"இருபத்தஞ்சு வருஷத்துல ஒருத்தரும் கொண்டு வரல்ல," என்றார் விஜய்குமார். "அதனால ரூல் எல்லாம் புத்தம் புதுசா இருக்கு. ஜெயில் தேடி வழி தெரியாம இங்க வாறவங்க உண்டு. அவங்களுக்கு நான் சொல்லுவேன், அங்கயாவது பரோல் உண்டுன்னு."

சாம்பசிவன் இதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

தேடல் பிரிவு மாடியில் இருந்தது. சுவரெல்லாம் காடுகளின் வரைபடங்கள், அவற்றில் சிவப்புக் குண்டூசிகள். ஒவ்வொரு குண்டூசியும் அரணை அகப்படாத ஓர் இடம். அதன் தலைவர் அபிஜித், நாற்பது வயது, பதினோரு வருடங்களாக அரணையைத் தேடிக்கொண்டிருப்பவர். அன்று கழகத்தின் வருடாந்திரத் தேடல் தினம். அதனால் அவர் வண்ணத் தாளில் தோரணம் வெட்டிக்கொண்டிருந்தார்.

டின்னைத் திறந்ததும் அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். அரணை கண்ணை மூடித் திறந்தது. அபிஜித்தின் முகத்தில் ஒரு கணம், ஒரே ஒரு கணம், சின்னப் பையனின் சந்தோஷம் வந்தது. பிறகு யாரோ தோளைத் தொட்டதுபோல அது போய்விட்டது.

"சாரே, இது அதுபோலத்தான் இருக்கு," என்றார் மெதுவாக. "ரொம்ப அதுபோல இருக்கு. அதுதான் பிரச்சினை."

எங்கே கிடைத்தது என்று கேட்டு, வீட்டு விலாசத்தைக் குறித்துக்கொண்டார். வலியசாலை காடு இல்லை அல்லவா என்றார். காலில்லா அரணை மழைக்காட்டில் வாழும் பிராணி, அது அதன் இலக்கணத்திலேயே இருக்கிறது. அக்ரகாரத்தில் கிடைத்தது என்றால் கிடைத்தது அது அல்ல என்று ஒரு கட்சி சொல்லும். சாக்கு மலையிலிருந்து வந்தது என்று சாம்பசிவன் சொன்னார். சாக்கும் காடு இல்லை என்றார் அபிஜித். பிறகு டின்னோடு அவரைக் கீழே அழைத்துப்போய்ச் சிலைக்குப் பக்கத்தில் நிறுத்தி, சிலையையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தார். சிலைக்கு முதுகில் நீலக் கோடு இருந்தது. அந்த வருடம் கழகத்தின் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட் அது. அரணைக்கு நீலக் கோடு இல்லை.

"இதையும் ஒருத்தர் கேட்பார்," என்று வருத்தத்தோடு சொன்னார் அபிஜித்.

சாம்பசிவன் தனக்கு அவசரம் இருப்பதை விளக்கினார். யாரும் எதையும் கேட்க வேண்டாம், டின்னை எடுத்துக்கொண்டால் போதும், டின்கூடத் திருப்பித் தர வேண்டாம்.

அபிஜித் மறுக்கவில்லை. தேடல் பிரிவு தேடத்தான் முடியும், பெற்றுக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். பெறுவதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அதற்கு அறை இருக்கிறது, அறையில் துண்டு போர்த்திய நாற்காலி இருக்கிறது. அதிகாரி மட்டும் இல்லை. முதல் அரணை கிடைத்ததாக அறிவித்த பிறகே அந்தப் பதவிக்கு ஆள் போட முடியும். அரணை கிடைத்ததாக அறிவிக்க வேண்டியவர் அந்த அதிகாரி.

சாம்பசிவன் இதை மனதுக்குள் ஒருமுறை சுற்றி வந்தார். வாசல் தென்படவில்லை.

"அப்போ நான் போகலாமா?"

"தாராளமா. அரணை போக முடியாது."

"அரணையை இங்க விட்டுட்டு..."

"அது கைவிட்ட குற்றம்."

"எடுத்துண்டு போறேன்."

"அது கடத்தல்."

"அப்போ நான் என்ன பண்ணணும்?"

"உட்காருங்க," என்றார் அபிஜித், மிகுந்த மரியாதையோடு. அந்தக் கட்டடத்தில் எல்லாக் கேள்விகளுக்கும் கடைசியில் வந்து சேரும் பதில் அதுதான் என்பதைச் சாம்பசிவன் அன்று தெரிந்துகொண்டார்.

உட்கார்ந்தார். பெஞ்சு கூடத்தின் நடுவில் இருந்தது. மடியில் டின். மூடியில் ஆணியால் போட்ட ஓட்டைகள் வழியே ஈரச்சருகின் வாசனை வந்தது. சொந்த ஊரில், வீட்டுக்கு இத்தனை பக்கத்தில், ஓர் ஆட்டோ தூரத்தில் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குப் போக முடியாமல் இருப்பது எப்படிச் சாத்தியம் என்று அவருக்குப் புரியவில்லை. யாரும் அவரைப் பிடித்து வைக்கவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் போகலாம் என்றுதான் சொன்னார்கள்.

போன் அடித்தது. பத்மஜா.

"ஏன்னா, எங்க இருக்கேள்? அவாள்லாம் வந்தாச்சு. காப்பி குடிச்சாச்சு. உங்க அண்ணா பட்டு வேஷ்டி கட்டிண்டு நடுக்கூடத்துல உக்காந்தாச்சு."

"இதோ வந்துடறேன். கொஞ்சம் ஒரு..." அவர் சொல் தேடினார். "ஒரு மீட்டிங்."

"நிச்சயதார்த்தத்தன்னிக்கா?"

அதற்குள் மணி அடித்தது. மாடியிலிருந்தும் பக்க அறைகளிலிருந்தும் ஊழியர்கள் கூட்டமாக இறங்கி வந்து கூடத்தை நிறைத்தார்கள். தேடல் தினம் தொடங்கிவிட்டது. விழாவில் பொதுமக்கள் சார்பில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது சடங்கு. வழக்கமாக எதிர்க்கடைக்காரரைக் கூட்டி வருவார்கள். இந்த முறை பொதுமக்கள் ஏற்கெனவே உள்ளேயே உட்கார்ந்திருந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. சாம்பசிவனை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள்.

முதலில் உறுதிமொழி. ஊழியர்கள் நான்கு திசைகளுக்கும் திரும்பி நின்று, வலக்கையைப் புருவத்துக்கு மேல் வைத்துத் தொலைவைப் பார்க்கும் பாவனையில், தேடுவோம், தேடிக்கொண்டே இருப்போம் என்று மும்முறை சொன்னார்கள். யாரும் கீழே பார்க்கவில்லை. மேடையில் டின்னுக்குள் சருகு சரசரத்தது. முன்வரிசையில் ஒருவர் உதட்டில் விரல் வைத்து அமைதி காக்கும்படி டின்னுக்குச் சைகை செய்தார்.

பிறகு டைரக்டர் லீலாபாய் பேச எழுந்தார். பருத்திச் சேலையும் தெளிவான குரலும் உள்ள அம்மாள். இருபத்தைந்து வருடங்களாக அவர்தான் டைரக்டர்.

"இந்த அரிய உயிரை நாம் எவ்வளவு சிறப்பாகப் பாதுகாத்து வருகிறோம் என்பதற்கு ஒரே சான்று போதும்," என்றார். "நாம் உட்பட ஒருவராலும் இன்றுவரை அதைப் பார்க்க முடியவில்லை."

கைதட்டல்.

"சிலர் கேட்கிறார்கள், எப்போது கண்டுபிடிப்பீர்கள் என்று. அவர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்கிறேன். நம்மோடு ஒரே நாளில் ஒரு தவளைக் கழகமும் தொடங்கப்பட்டது. அவசரக்காரர்கள். மூன்றே மாதத்தில் தவளையைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கழகம் இன்று எங்கே? அந்தக் கட்டடம் இன்று கல்யாண மண்டபம். தவளை நன்றாக இருக்கிறது. ஊழியர்களின் கதி என்ன?"

கூட்டத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பேச்சு நீண்டது. நிதி, நிலம், புதிய ஜீப், கழகத்துக்கு வர இருக்கும் இரண்டாவது சிலை. பொன்னாடைக்குள் வியர்த்துக்கொண்டு சாம்பசிவன் கூடத்தின் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். ராகுகாலம் தொடங்கியபோது டைரக்டர் வருங்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

போனில் பத்மஜாவின் குரல் இப்போது கோபத்தைத் தாண்டிவிட்டிருந்தது. பெரியப்பா தட்டை எடுத்தார், பத்மப்ரியா எழுந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். நல்லவேளை, சம்பந்தி ராகுகாலம் பார்க்கிறவர். மூன்று மணிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிவிட்டார். "அதுக்கு மேல அவா நிக்க மாட்டா. சாயங்கால ரயில். நீங்க வரலைன்னா அவ வெளில வர மாட்டா. அவ வரலைன்னா எல்லாம் முடிஞ்சது. மனசிலாச்சோ?"

சாம்பசிவன் நேராக டைரக்டரின் அறைக்குப் போனார். வாழ்க்கையில் முதன்முறையாகக் கதவைத் தட்டாமல் போனார். டின்னை மேஜையில் வைத்து மூடியைத் திறந்தார்.

லீலாபாய் உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மூடுங்கள்," என்றார். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "நான் இதைப் பார்க்கவில்லை. சின்ன வயதில் இதைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்தேன். ஒருமுறை, ஒரே ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எத்தனை மழைக்காலம் காட்டில் படுத்திருக்கிறேன், தெரியுமா? மூடிவிட்டீர்களா?"

"மூடிட்டேன்."

அவர் திரும்பினார். "உங்கள் டின்னில் இருப்பது ஓர் உயிர். இங்கே இருப்பது நாற்பது குடும்பம். நல்லவராகத் தெரிகிறீர்கள். நீங்களே சொல்லுங்கள், நான் எதைப் பாதுகாக்க?"

சாம்பசிவன் தன் வீட்டில் ஒரு பெண் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைச் சொன்னார். லீலாபாய் உண்மையாகவே வருந்தினார். மணமக்களுக்குத் தன் ஆசிகளைத் தெரிவிக்கச் சொன்னார். வேண்டுமானால் மியூசியம் பிரிவில் கேட்டுப்பாருங்கள், அவர்களுக்கு மட்டும் பெறும் அதிகாரம் உண்டு என்றார்.

மியூசியத்தைப் பார்த்துக்கொண்டவர் சரசம்மா. ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது. அலமாரி நிறையக் கண்ணாடி ஜாடிகள், எல்லாவற்றிலும் ஸ்பிரிட் மட்டும். வருடந்தோறும் பழையதைக் கொட்டிப் புதியதை ஊற்றி வைப்பது அவர் வேலை. அன்று முழுவதும் கேட்டதிலேயே அன்பான குரல் அவருடையதுதான்.

"அய்யோ, மகளோட நிச்சயமா? இத்தரை நேரமா உட்கார வச்சிருக்காங்க? தாங்க சார், அஞ்சு நிமிஷம். நான் வாங்கிக்கறேன், சீட்டு தாறேன், நீங்க போகலாம்." டின்னைத் திறந்து பார்த்தவர் உச்சுக்கொட்டினார். "ஜீவன் இருக்கே."

"இருக்கு," என்றார் சாம்பசிவன்.

"ஜீவனோட எடுக்க ரூல்ல வகுப்பில்லை. செத்ததுதான் மியூசியத்துக்கு." அவர் யோசித்தார். பிறகு உதவி செய்கிற முகத்தோடு மேற்கு ஜன்னலைக் காட்டினார். "சாரமில்லை, கவலைப்படாதீங்க. அந்தத் தகட்டுல வெயிலு நல்லா அடிக்கும். நிழல்ல கிடக்குற ஜந்து, ஒரு பத்து நிமிஷம் வச்சா மதி, அது போதும். நான் அதுக்குள்ள உங்களுக்குச் சாயா போடறேன்."

அவர் உள்ளே போய்விட்டார்.

சாம்பசிவன் டின்னோடு நின்றார். ஜன்னலின் வெளியே தகரத் தகடு வெயிலில் பளபளத்தது. பத்து நிமிடம். ஒரு சீட்டு. ஓர் ஆட்டோ. மூன்று மணிக்கு முன்னால் வீடு. பத்மப்ரியா தாழ்ப்பாளை எடுப்பாள். யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. இந்த நாட்டில் இந்த உயிரைப் பாதுகாக்கவென்றே கட்டிய ஒரே இடத்தில், அவர்களே சொல்லிக்கொடுத்த வழி.

அவர் மூடியை எடுத்து டின்னைத் தகட்டில் வைத்தார்.

அரணை முதலில் சருகுக்குள் போகப் பார்த்தது. சருகு அதற்குள் காய்ந்து நொறுங்கியிருந்தது. அது டின்னின் ஓரத்தோடு ஒருமுறை சுற்றியது, பிறகு இன்னொருமுறை. வழி எங்கும் இல்லை. நின்று தலையைத் தூக்கி அவரைப் பார்த்துக் கண்ணை மூடியது. இந்த முறை திறக்க நேரமாயிற்று.

சாம்பசிவன் அதை வெடுக்கென்று எடுத்தார்.

அவசரத்தில் டின்னை விட்டுவிட்டு அரணையைப் பிடித்துவிட்டார். பிடித்தது வாலில். அவர் கையில் ஏதோ கண்ணாடி வளையல் உடைவதுபோல மெல்ல விட்டது. அடுத்த கணம் பாதி அரணை டின்னுக்குள் இருந்தது. மீதிப் பாதி சரசம்மாவின் மேஜைமேல் விழுந்து, தானே ஒரு பிராணிபோலத் துள்ளி நெளிந்தது.

சாயாவோடு வந்த சரசம்மா போட்ட சத்தத்தில் கழகமே ஓடி வந்தது. அபிஜித் வந்தார், லீலாபாய் வந்தார், புருவத்தில் கைவைத்துத் தொலைவைப் பார்த்தவர்கள் எல்லாரும் வந்து மேஜையைச் சுற்றி நின்று கீழே பார்த்தார்கள். வால் துள்ளியது. தளர்ந்தது. நின்றது.

சரசம்மா ஒரு குச்சியால் அதைத் தொட்டார்.

"செத்துப்போச்சு," என்றார், பரவசத்தோடு.

அதன்பின் எல்லாம் மிக வேகமாக நடந்தன. இருபத்தைந்து வருடங்களில் முதன்முறையாக உள்ளே எதையாவது போட ஒரு ஜாடி திறக்கப்பட்டது. வால் ஸ்பிரிட்டில் இறங்கியது. லீலாபாய் ஜாடியை இரண்டு கைகளாலும் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். இதைப் பார்ப்பதற்கு அவருக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசத் தொடங்கினார். வால் இருக்கிறது என்றால் அந்த வாலுக்கு உரிய அரணை எங்கோ இருக்கிறது. இது தேடலின் முடிவல்ல, இப்போதுதான் தேடலுக்கே ஆதாரம் கிடைத்திருக்கிறது. இன்னும் இருபத்தைந்து வருடங்கள் தேடலாம்.

சாம்பசிவன் டின்னை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. சரசம்மா சீட்டைக் கையில் திணித்து, மகளுக்கு நல்லது வரட்டும் என்றார்.

வாசலில் விஜய்குமார் சீட்டைப் பார்த்தார். டின்னைத் திறந்தும் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது...?"

"மிச்சம்," என்றார் சாம்பசிவன்.

விஜய்குமார் விதிப்பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தார். மிச்சத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கதவைத் திறந்துவிட்டார்.

ஆட்டோ கிடைக்கச் சற்று நேரமாயிற்று. அவர் தெருவோரம் நின்றிருந்தபோது கழகத்தின் ஜீப்புகள், கொடி கட்டி, வரிசையாக அவரைத் தாண்டிப் போயின. முதல் ஜீப்பில் அபிஜித் கம்பீரமாக நின்றிருந்தார். தன்னைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு போகலாமே என்று சாம்பசிவனுக்குத் தோன்றியது. இவர்கள் எங்கே போகிறார்கள் என்று அப்போது அவர் யோசிக்கவில்லை.

வலியசாலைக்கு வந்தபோது மூன்று அடித்திருந்தது. அவர் வீட்டைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தது. சமையலறைப் பக்கம் ஆட்கள் தரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள், மாலையில் டைரக்டர் வந்து தேடலைத் தொடங்கி வைக்க. வாசலில் நின்ற அபிஜித் அவரைத் தடுத்தார். அரணை இருந்தது உறுதியாகத் தெரிந்த முதல் இடம் இது. வெளியே இருப்பவர் உள்ளே போனால் மிதித்துவிடலாம். உள்ளே இருப்பவர் வெளியே வந்தால் துணியோடு ஒட்டிக்கொண்டு போய்விடலாம். வாலுக்கு உரியது கிடைக்கும்வரை யாரும் அசையக் கூடாது.

"உள்ள என் பொண்ணு இருக்கா. பிள்ளையாத்துக்காரா இருக்கா."

"தெரியும் சாரே. எல்லாரையும் உட்காரச் சொல்லியிருக்கோம்."

சாம்பசிவன் டின்னைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். நாடாவுக்கு இரண்டு பக்கமும் நின்று இருவரும் அதைப் பார்த்தார்கள். அரணை கட்டையாக, களைத்து, ஆனால் உயிரோடு இருந்தது. கண்ணை மூடித் திறந்தது.

அபிஜித் வெகுநேரம் பார்த்தார்.

"சாரே," என்றார் கடைசியில், "காலில்லா அரணைக்கு உடம்பில் பாதி வால். இதுக்கு வால் இல்லை. இது வேற ஏதோ."

"வால்தான் உங்க ஜாடியில இருக்கே."

"அந்த வாலுக்கு உரியதைத்தான் தேடறோம்," என்று சொல்லிவிட்டு அபிஜித் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காலிச் சாக்குகளை எடுத்துப்போக வந்திருந்த சொரிமுத்து, தெருவில் கூடிய கூட்டத்தோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் வந்து டின்னுக்குள் எட்டிப் பார்த்தான்.

"நம்ம சாக்குல வந்ததா சாமி? இதுக்கா இம்புட்டுக் கூத்து? இங்க குடுங்க. போற வழிலதான், ஓடைக்கரையில விட்டுருதேன்."

சாம்பசிவன் கொடுத்தார். சொரிமுத்து டின்னைத் தன் பக்கத்துச் சீட்டில் வைத்து வண்டியைக் கிளப்பினான். தெருவை அடைத்திருந்த ஜீப்புகளைக் கழகத்தின் ஆட்கள் பின்னுக்கு எடுத்து வழி விட்டார்கள். ஒருவர் விசிலும் ஊதினார்.

உள்ளேயிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது. அவன் வர வழியில்லை, நல்ல நேரம் போகிறது, நான் உள்ளேதானே இருக்கிறேன், நானே கொடுத்துவிடுகிறேன். தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது, அதற்கு மேல் எழுந்தது பத்மப்ரியாவின் குரல்.

"வேண்டாம் பெரியப்பா. அப்பா வெளிலதான நிக்கறார். ஜன்னல் இருக்கே."

தெருப்பக்கத்து ஜன்னலின் கதவுகள் திறந்தன. கம்பிகளுக்குப் பின்னால் அவள் நின்றாள், பட்டுப்புடவையில், அழுது வீங்கிய கண்களோடு. அவளுக்குப் பின்னால் தஞ்சாவூர்ச் சம்பந்தியும் மற்றவர்களும். எதிர்வீட்டுத் திவ்யலட்சுமி, யாரும் கேட்காமலே, தன் வீட்டுத் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் தேங்காய் எல்லாம் வைத்துக் கொண்டுவந்து சாம்பசிவன் கையில் கொடுத்தாள்.

தட்டு கம்பிக்குள் நுழையாது. சாம்பசிவன் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். வெற்றிலை போயிற்று, பாக்கு போயிற்று, மஞ்சள் போயிற்று. பழங்களைச் சீப்பிலிருந்து பிய்த்து ஒன்றொன்றாக நீட்ட, சம்பந்தி மறுபக்கம் மிகுந்த கவனத்தோடு வாங்கி உள்ளே ஒரு தட்டில் மறுபடி சீப்பாக அடுக்கினார். சாஸ்திரிகள் உள்ளேயிருந்து மந்திரம் சொல்ல, வெளியே தரையைத் தட்டும் சத்தம் தாளம் போட்டது.

கடைசியில் தேங்காய் மிஞ்சியது.

நேராக வைத்துப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். போகவில்லை. இந்த வேளையில் உடைக்கவும் முடியாது. சம்பந்தி யோசித்துவிட்டு, கம்பிக்கு வெளியே இரண்டு விரலை நீட்டித் தேங்காயின் குடுமியைப் பிடித்துக்கொண்டார். வாங்கிக்கொண்டதாக ஆயிற்று என்று சாஸ்திரிகளும் ஒத்துக்கொண்டார். பத்மப்ரியா தன் கையையும் கம்பி வழியே நீட்டி, தேங்காயின் அடியில், அப்பாவின் விரல்கள்மேல் வைத்தாள்.

அபிஜித் ஓடி வந்தார். தேடல் எல்லைக்குள் யாரும் ஜன்னலருகே நிற்கக் கூடாது, கொஞ்சம் நகர்ந்து திண்ணைத் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள் என்றார்.

சாம்பசிவன் திரும்பிப் பார்க்கவில்லை. தேங்காயைக் கம்பியோடு இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"உட்காருங்க," என்றார், முன்னால் பார்த்தபடியே.